தூக்குவது ஜாக்கி, தாங்குவது எது?

திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது பள்ளிப்பட்டு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியோடு சேர்ந்து சித்தூர் மாவட்டத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்த பகுதி இது. கரும்பும் தறியும் வாழ்க்கை. தெலுங்கும் தமிழும் கலந்த பேச்சு. மாவட்டத்தின் மறுகோடியோ முழுக்க இரும்பு. முன்பு இந்த மாவட்டத்தில் இருந்த எண்ணூரில் அசோக் லேலண்டின் கதை 1948இல் தொடங்குகிறது. திருவள்ளூருக்குப் பக்கத்திலிருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார்கள் வெளிவந்தன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலைகளும் வார்ப்படச் சாலைகளும் வரிசையாக நிற்கின்றன. வண்டி செய்வதிலும் கனத்தைத் தூக்குவதிலும் இவ்வளவு அனுபவம் சேர்ந்த மாவட்டம் தமிழ்நாட்டில் குறைவு.

அந்த அனுபவம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறதா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை பக்கம் கார் வைத்திருப்பவர்களில் பலருக்கு அது பிழைப்புக் கருவி. ஆம்னியில் துணிக் கட்டுகள் போகும். பொலேரோவில் திருப்பதிக்கும் திருத்தணிக்கும் ஆட்கள் போவார்கள். டாட்டா ஏஸில் எல்லாமே போகும். வண்டி ஒருநாள் நின்றால் ஒருநாள் வருமானம் போச்சு. பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போய் வர நேரமும் பணமும் ஆகும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலிலேயே வண்டியைத் தூக்கி, அடியில் படுத்து, சைலன்சர் கட்டுவது முதல் பிரேக் ஷூ மாற்றுவது வரை தாங்களே செய்துகொள்கிறார்கள். செய்வதில் தவறே இல்லை. தன் வண்டியைத் தானே பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் அதை நன்றாகவும் ஓட்டுவார் என்று நம்புகிறவன் நான். வேலை தெரிந்த அந்த மனிதர் எதை நம்பி அடியில் படுக்கிறார் என்பதில்தான் என் கவலை.

முதலில் எடை. ஆல்டோ சுமார் 750 கிலோ. ஸ்விஃப்ட் 900 கிலோவை ஒட்டி வரும். பொலேரோ 1600 கிலோ. இன்னோவா கிரிஸ்டா 1800க்கு மேல். ஆல்டோ சின்ன வண்டிதானே என்று நினைக்கத் தோன்றும். அப்படி நினைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஆல்டோ, ஸ்விஃப்ட் போன்ற கார்களின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய 16 சென்டிமீட்டர். மல்லாந்து படுத்த ஒருவரின் மார்பு உயரம் 20 சென்டிமீட்டருக்கு மேல். அதாவது நான்கு சக்கரமும் மாட்டியிருக்கும்போதே கார் ஜாக்கியிலிருந்து நழுவினாலும், அடியில் இருப்பவரின் மார்புக்கு இடம் போதாது. சக்கரம் கழற்றியிருந்தால் அந்த இடைவெளியும் இல்லை. எலும்பு முறிவதற்கு முன்பே மூச்சு நின்றுவிடுகிறது. மார்பு விரிய வழியில்லாமல் சில நிமிடங்களில் உயிர் போகிறது. கத்திக் கூப்பிடவும் மூச்சு வேண்டும்.

இந்த விபத்து நம் ஊருக்கு மட்டும் உரியது அல்ல. ஆஸ்திரேலியாவில் 2000க்கும் 2011க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் மட்டும், வீட்டில் வண்டிக்கடியில் வேலை செய்யும்போது நசுங்கி இறந்தவர்கள் நாற்பது பேருக்கு மேல். பெரும்பாலும் தவறாகத் தூக்கியதாலும் தவறாகத் தாங்கியதாலும் நேர்ந்த மரணங்கள். அந்நாட்டு அரசு அதை வீட்டு விபத்து என்று தள்ளிவிடவில்லை. டிராலி ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் சாய்தளத்துக்கும் கட்டாயத் தரமும், பொருளின் மேலேயே எச்சரிக்கை வாசகமும் வேண்டும் என்று விதித்தது.

ஜாக்கிகளைப் பார்ப்போம். காரோடு வருவது கத்தரி போல் விரியும் திருகு ஜாக்கி. சாலையோரத்தில் பஞ்சரான சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டுவதற்காகவே செய்யப்பட்டது. அதன் அடித்தட்டு உள்ளங்கை அகலம்தான். உயர்த்த உயர்த்த, அந்தக் குறுகிய தட்டின் மேல் வண்டி நிற்கும் உயரம் கூடுகிறது; பக்கவாட்டில் லேசாகத் தள்ளினாலும் ஜாக்கி சாயும். அதை வைத்துத் தூக்கிய வண்டிக்கடியில் உடம்பின் எந்தப் பகுதியையும் நுழைக்கக்கூடாது என்று காரோடு வரும் கையேடு சொல்கிறது. கையேடு டாஷ்போர்டு பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையோடு இருக்கிறது.

அடுத்தது பாட்டில் ஜாக்கி. பஞ்சர் கடை, லாரி ஷெட், டிராக்டர் வீடு எல்லாவற்றிலும் இருப்பது. எண்ணெயின் அழுத்தத்தால் கனத்தைத் தூக்கும் இந்த வித்தைக்கு அடித்தளம் ஜோசப் பிராமா 1795இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற நீரழுத்த எந்திரம். கையில் எடுத்துப் போகக்கூடிய ஜாக்கியாக அதைச் சுருக்கி, 1851இல் நியூயார்க்கில் காப்புரிமை வாங்கியவர் ரிச்சர்ட் டட்ஜன். சிறிய பிஸ்டனைக் கையால் அழுத்த, பெரிய பிஸ்டன் டன் கணக்கில் தூக்குகிறது. தூக்கிய பின் அந்தக் கனத்தை மேலே நிறுத்தி வைத்திருப்பது எது என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் சீல். ஒரு சிறு வால்வுக் குண்டு. சீல் காய்ந்து கெட்டிப்பட்டாலும், எண்ணெயில் தூசி சேர்ந்து வால்வு சரியாக உட்காராவிட்டாலும் ஜாக்கி இறங்கும். மெதுவாக இறங்கினால் அதிர்ஷ்டம். ஷெட்டு மூலையில் வருடக்கணக்காகப் புழுதி குடித்துக் கிடந்த ஜாக்கியை எடுத்துத் துடைத்து, இரண்டு அடி அடித்துப் பார்த்து, வேலை செய்கிறது என்று வண்டிக்கடியில் கொடுக்கிறோம். தூக்குகிறது என்பது உண்மை. தாங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

டிராலி ஜாக்கி இவற்றுள் மேலானது. அடி அகலம், சக்கரம் உண்டு, சாய்வது அரிது. ஆனால் பலரும் கவனிக்காத ஒரு சங்கதி அதில் உண்டு. அதன் தலை நேர்கோட்டில் ஏறுவதில்லை. வளைந்த பாதையில் ஏறுகிறது. ஏறும்போது ஜாக்கி தன் சக்கரத்தில் உருண்டு அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட வேண்டும். மண் தரையிலோ, ஓடுகளின் இடுக்கிலோ சிறு சக்கரம் மாட்டிக்கொண்டால் ஜாக்கி உருளாது. அப்போது தலை காரை இழுக்கும், அல்லது பிடித்த இடத்திலிருந்து நழுவும். டிராலி ஜாக்கி வாங்குபவர் வழுவழுப்பான கெட்டித் தரையையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும். இதுவும் உள்ளே எண்ணெய் ஜாக்கிதான். தாங்குவதில் பாட்டில் ஜாக்கிக்கு உள்ள குறை இதற்கும் உண்டு.

ஆகவே தூக்குவது ஒரு வேலை, தாங்குவது வேறு வேலை. தாங்குவதற்கு என்றே இருப்பவை ஸ்டாண்டுகள்: மூன்று அல்லது நான்கு கால் விரித்து நிற்கும் இரும்புத் தாங்கிகள். பற்களில் நாக்கு விழுந்து பூட்டிக்கொள்வது ஒரு வகை. குறுக்கே கம்பி செருகுவது இன்னொரு வகை. எண்ணெய் இல்லை, சீல் இல்லை, கசிய எதுவும் இல்லை. வாங்கப் போனவுடன் நாம் கேட்பது, எத்தனை டன் தாங்கும் என்பதுதான். ஸ்விஃப்டின் முன்பக்கத்தில் மொத்த எடையில் அறுபது விழுக்காடு என்று வைத்தால் சுமார் 540 கிலோ. இரண்டு ஸ்டாண்டுக்கும் பிரித்தால் ஒன்றுக்கு 270. இரண்டு டன் ஸ்டாண்டுக்கு அது பெரிய சுமையே அல்ல. நேராக அழுத்தினால் ஸ்டாண்டு நசுங்குவது அபூர்வம். பக்கவாட்டில் தள்ளினால் கவிழ்வதுதான் வழக்கம். கால் எவ்வளவு அகலமாக விரிகிறது, பல்லில் நாக்கு முழுசாக விழுகிறதா, வெல்டிங் ஒழுங்காக இருக்கிறதா என்று கடையிலேயே கையால் பார்க்க வேண்டும். எழுதியிருக்கும் டன் அளவு ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள்.

இதற்கெல்லாம் செலவு செய்ய வேண்டுமா என்ற எண்ணம் எழும்போது கண்ணில் படுவது செங்கல். திருவள்ளூர் மாவட்டத்தில் செங்கல் சூளைக்குப் பஞ்சமில்லை. எந்த வாசலிலும் நாலு கல் கிடக்கும். அது ஏன் ஆபத்து என்பதை வெறுமனே மிரட்டிச் சொல்லி ஒருவரையும் நம்பவைக்க முடியாது. காகிதத்தில் கணக்குப் போட்டால் செங்கல் தாங்க வேண்டும். இந்தியத் தரப்படி கட்டுமானச் செங்கல் குறைந்தது சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டும். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 35 கிலோ. ஒன்பதங்குலக் கல்லின் மேற்பரப்பு சுமார் 250 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் எட்டு டன்னுக்கு மேல் வருகிறது. காரின் ஒரு மூலையில் வருவது முந்நூறு கிலோ. பிறகு எங்கே பிழை?

அந்த எட்டு டன், கல்லின் முழுப் பரப்பிலும் சமமாக அழுத்தினால் மட்டும் பொருந்தும் கணக்கு. காரின் பக்கவாட்டில் கீழே துருத்தும் தகட்டு விளிம்பு சில மில்லிமீட்டர் கனம்தான். முழு எடையும் அந்தக் கோட்டில் இறங்குகிறது. அடியிலும் கல் சமமாக உட்கார்வதில்லை. ஒரு சின்ன ஜல்லி மேலோ மேடான சிமெண்டு மேலோ ஊன்றி நிற்கிறது. மேலே ஒரு கோடு, கீழே ஒரு புள்ளி. நடுவில் கல் வளைய வேண்டிய நிலை. வளைவதற்குச் செங்கலால் முடியாது. நசுங்கி மெல்ல இறங்கவும் தெரியாது. கீற்று விட்ட அதே கணத்தில் இரண்டாகப் பிளக்கிறது. ஹாலோ பிளாக் இன்னும் மோசம், உள்ளே பாதி வெறும் காற்று. மேலுக்கு மேல் அடுக்கினால் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே பிடிப்பு எதுவும் இல்லை. போன முறை தாங்கியது, அதற்கு முந்தைய முறையும் தாங்கியது என்பதெல்லாம் இந்த முறைக்குச் சாட்சி ஆகாது. ஒவ்வொரு முறையும் கல் வேறு, அது உட்காரும் விதம் வேறு.

மரம் அப்படியில்லை. கெட்டியான வேலமரக் கட்டையோ பழைய ரயில் ஸ்லீப்பர்த் துண்டோ சுமை கூடினால் முதலில் நசுங்கும், முனகும், நார் நாராகக் கிழியும். தப்பிக்க அவகாசம் தரும். பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணி வழியாகப் போனால் தொலைவில்லை அரக்கோணம். அங்கே தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது படையணி இருக்கிறது. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் அடுக்குமாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது இடிபாட்டில் இறங்கியவர்கள் அவர்கள். இடிபாட்டைத் தூக்கும் மீட்புப் பணியில் உலகெங்கும் ஒரே முறைதான்: ஓர் அங்குலம் தூக்கியவுடன் அந்த ஓர் அங்குலத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும்; மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக் கூடு கட்ட வேண்டும். ஸ்டாண்டு வாங்க வழியில்லாதவருக்கு நான் சொல்லக்கூடிய ஒரே மாற்று இதுதான். நான்கு அங்குலக் கனமுள்ள, விரிசல் இல்லாத கட்டைகள். வரிசைக்கு இரண்டு, அதன்மேல் குறுக்காக இரண்டு. அடி அகலத்தைவிட உயரம் மிகாமல்.

தரையைப் பற்றிச் சொல்லாமல் இதில் எதுவும் முழுமையாகாது. நம் வீடுகளின் கார் நிறுத்தும் தளம் மழைத்தண்ணீர் தெருவுக்கு ஓடுவதற்காகச் சரித்தே போடப்படுகிறது. நாற்பதடிக்கு ஓரடி சரிவு கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் 900 கிலோ கார் அந்தச் சரிவில் 22 கிலோ விசையோடு தெருப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். சக்கரத்தை எதுவும் பிடித்திராவிட்டால் தானாக உருளப் போதுமான விசை அது. வழவழப்பான டைல்ஸ் தரையில் ஸ்டாண்டின் இரும்புக் கால் சறுக்கும். டைல்ஸுக்கடியில் வெற்றிடம் இருந்தால் உடைந்து இறங்கும். வெயிலில் இளகிய தாரிலும் ஸ்டாண்டு அமிழும்.

பள்ளிப்பட்டில் மண் வாசல் இன்னும் நிறைய. ஐப்பசி, கார்த்திகையில் ஆந்திரப் பக்கம் கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் புரண்டு தரைப்பாலங்கள் மூழ்கும். தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டிகளுக்குப் பிரேக் வேலையும் பேரிங் வேலையும் வருவது அந்த நேரத்தில்தான். மண் ஊறி இளகிக் கிடப்பதும் அதே நேரத்தில்தான். அந்த மண்ணில் ஸ்டாண்டை நேரடியாக ஊன்றினால் ஒரு கால் மட்டும் இறங்கும், ஸ்டாண்டு சாயும். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கடியிலும் கெட்டியான பலகையோ கனத்த இரும்புத் தகடோ போட வேண்டும். ஈரம் காயும் வரை வேலையை ஒத்திவைக்க முடிந்தால் அதைவிட நல்லது. ஒத்திவைப்பதில் போகும் கூலியைத் தெரிந்துகொண்டேதான் இதைச் சொல்கிறேன்.

வண்டி உருளாமல் பிடிப்பதில் நம்மவர்கள் நம்பியிருப்பது ஹேண்ட் பிரேக்கையும் கியரையும். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். ஆம்னி, பொலேரோ, ஏஸ் ஆகியவை பின்சக்கர இழுவை வண்டிகள். கியர் பிடிப்பதும் பின்சக்கரத்தைத்தான். அந்த வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக்கும் கியரும் அந்தரத்தில் தொங்கும் சக்கரங்களைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தரையில் நிற்கும் முன்சக்கரங்களைப் பிடிக்க எதுவுமே இல்லை. முன்சக்கர இழுவையுள்ள ஸ்விஃப்டில் வேறு விதச் சிக்கல். முன்பக்கம் ஒரு சக்கரத்தைத் தூக்கினால் கியர் பிடிப்பு போய்விடுகிறது. தரையிலுள்ள சக்கரம் உருள, மேலே உள்ள சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும்படி டிஃபரன்ஷியல் விட்டுக்கொடுத்துவிடும். ஆட்டோமேட்டிக் வண்டியை பார்க்கிங்கில் போட்டாலும் இதே கதைதான். அப்போது எஞ்சியிருப்பது பின்னால் ஹேண்ட் பிரேக் மட்டும். அதன் கேபிள் எப்போது இறுக்கப்பட்டது என்பது வண்டிக்காரருக்கே தெரியும்.

அதனால்தான் முட்டுக்கட்டை. இதை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. திருவாரூர்த் தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்த பிறகும், முட்டுக்கட்டை போடுபவர்கள் சக்கரத்தோடு சக்கரமாக நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். தேருக்குச் செய்வதைக் காருக்குச் செய்ய நமக்கு ஏனோ தோன்றுவதில்லை. கைக்குக் கிடைத்த உருண்டைக் கல்லை ஒரு பக்கம் வைத்து முடித்துவிடுகிறோம். கல் சக்கரத்தோடு சேர்ந்து உருளும். ஆப்பு வடிவக் கட்டை வேண்டும். தரையில் இருக்கும் சக்கரத்தின் முன்னும் பின்னும் வேண்டும். சக்கரத்தோடு இடுக்கில்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். தச்சரிடம் சொன்னால் ஒரு ஜோடி செய்து தருவார்.

எங்கே தூக்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஆல்டோ, ஸ்விஃப்ட் போன்றவற்றில் தனிச் சேஸ் கிடையாது. பக்கவாட்டு விளிம்பில் சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு வெட்டுக்கள் தெரியும். அவற்றுக்கு நடுவில் உள்ள தகடுதான் கனம் தாங்கச் செய்யப்பட்டது. கையேட்டில் படமே இருக்கும். பொலேரோ, ஏஸ் வண்டிகளுக்குச் சேஸும் ஆக்சிலும் இருக்கின்றன. ஆயில் சம்ப், கியர் பாக்ஸ், தரைத் தகடு, ரேடியேட்டர் சட்டம் இவற்றில் ஒருபோதும் கூடாது. பழைய வண்டியில் விளிம்பு துருப்பிடித்திருக்கிறதா என்று முதலில் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பொரபொரவென்று உதிர்ந்தால் அங்கே ஜாக்கியும் வேண்டாம், ஸ்டாண்டும் வேண்டாம்.

வேலையின் வரிசையும் உயிரைக் காக்கும். சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே அரைச்சுற்று தளர்த்த வேண்டும். இறுதி முறுக்கும் தரையில் இறக்கிய பிறகே. தூக்கிய வண்டியில் துருவேறிய நட்டை நீளக் குழாய் மாட்டி இழுப்பது, காரைப் பக்கவாட்டில் இழுப்பதற்குச் சமம். ஸ்டாண்டுக்கு ஆகாத விசை அதுதான். ஸ்டாண்டில் இறக்கியவுடன், அடியில் போவதற்கு முன், வண்டியை இடுப்பால் நன்றாகத் தள்ளி ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் அப்போது விழட்டும். ஜாக்கியை எடுத்துவிடாமல் தொட்டும் தொடாமலும் துணைக்கு நிற்கவிடுங்கள். கழற்றிய சக்கரத்தை அடியில் போட்டுவைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. நல்ல வழக்கம், ஆனால் ஒற்றைச் சக்கரம் போதாது. படுக்கப் போட்ட டயரின் உயரம் 14 முதல் 18 சென்டிமீட்டர்தான். மார்பளவு கணக்கை முன்பே பார்த்தோம். ஸ்டெப்னியையும் சேர்த்து ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சக்கரம் போட்டால் முப்பது சென்டிமீட்டர் கிடைக்கும்.

இப்போது மாவட்டத்தின் மறுகோடிக்கு வருகிறேன். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு, ஆலையிலுள்ள கிரேன், கப்பி, சங்கிலி, வடம் அனைத்தையும் தகுதியுள்ளவர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்றது. 33ஆம் பிரிவு, தரையிலுள்ள குழிகளை மூடவோ வேலியிடவோ சொன்னது. மின்விசையோடு 10 பேரும், மின்விசையின்றி 20 பேரும் வேலை செய்யும் இடங்களுக்கு அது பொருந்தியது. அந்தச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு, இந்த எண்ணிக்கையை 20, 40 என்று உயர்த்தியிருக்கிறது. இரண்டு பையன்களை வைத்துச் சாலையோரத்தில் ஷெட் நடத்துபவர் முன்பும் அந்த வரம்புக்குள் இல்லை, இப்போது இன்னும் தள்ளிப் போய்விட்டார். வீட்டு வாசல் எந்தக் காலத்திலும் உள்ளே இருந்ததில்லை.

சட்டத்தைவிட முக்கியம் ஆலைக்குள் பழகிய கை. பிரஸ் ஷாப்பில் வேலை செய்யும் எவரும் எண்ணெய் அழுத்தத்தை நம்பி டைக்குள் கை விடமாட்டார். எந்திரத்தை நிறுத்தி, நடுவில் இரும்புக் கட்டையைக் கொடுத்த பிறகே கை உள்ளே போகும். டிப்பர் லாரியின் தொட்டியைத் தூக்கி அடியில் வேலை பார்க்கும் நல்ல மெக்கானிக், தொட்டிக்கு முட்டுக் கொடுக்காமல் குனிவதில்லை. சர்வீஸ் சென்டரில் இரண்டு தூண் லிப்டில் காரை ஏற்றுபவர், பூட்டுப் பல் விழும் சத்தம் கேட்டு, லிப்டைச் சற்றே இறக்கி அந்தப் பூட்டில் உட்கார வைத்த பிறகே அடியில் நடக்கிறார். மூன்று இடத்திலும் விதி ஒன்று. தூக்கியது எண்ணெய், தாங்குவது இரும்பு. திங்கள் முதல் சனி வரை இந்த விதிப்படி நடப்பவரே ஞாயிறன்று பாட்டில் ஜாக்கியை நம்பிப் படுக்கிறார். அறிவு இல்லாததால் அல்ல. கேட்க ஆள் இல்லாததால், ஐந்து நிமிட வேலைதானே என்பதால். இந்த ஐந்து நிமிடக் கணக்கை நான் ஏற்கவே மாட்டேன்.

சாய்தளம் பற்றிச் சுருக்கமாக. ஆயில் மாற்றுவது போன்ற வேலைக்கு, சக்கரத்தை ஏற்றி நிறுத்தும் ஒரு ஜோடி இரும்புச் சாய்தளம் ஸ்டாண்டைவிட எளிது. ஏறும்போது வழுக்குத் தரையில் முன்னால் தள்ளிக்கொண்டு போகும். அதைத் தடுக்க வேண்டும். சக்கர வேலைக்கு அது உதவாது. சில வீடுகளில் பழைய பழக்கப்படி குழி தோண்டி வைத்திருக்கிறார்கள். கார் மேலே விழாது என்பது அதன் நன்மை. பெட்ரோல் ஆவியும் எல்பிஜியும் காற்றைவிடக் கனமானவை, குழியில் போய்த் தங்கும் என்பது அதன் தீமை. கேஸில் ஓடும் ஆம்னியை அதன்மேல் நிறுத்திவிட்டு உள்ளே சுவிட்சு போட்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. மழைக்காலத்தில் அதே குழி குழந்தைகளுக்குக் கிணறு.

நல்ல ஸ்டாண்டு வாங்கிவிட்டால் கவலை தீர்ந்ததா? 2020இல் அமெரிக்காவின் ஹார்பர் ஃப்ரைட் நிறுவனம் சுமார் 17 லட்சம் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. சீனாவில் அவற்றைச் செய்த அச்சுகள் தேய்ந்து, பல்லில் நாக்கு போதிய ஆழத்துக்கு விழாமல் போயிருந்தது. மாற்றாகக் கொடுத்த மூன்று டன் ஸ்டாண்டுகள் சிலவற்றிலும் வெல்டிங் குறை கண்டுபிடித்து மறுபடி திரும்பப் பெற்றார்கள். கட்டுப்பாடு கடுமையான சந்தையிலேயே இப்படி நடக்கிறது. ஆகவே ஸ்டாண்டு வைத்த பிறகும் இரண்டாவது காவல் வேண்டும்: அடுக்கிய சக்கரமோ கட்டைக் கூடோ. பல் வகை ஸ்டாண்டில் மேலாகக் குறுக்குக் கம்பியும் செருகும் வசதி உள்ளது கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் அசம்பாவிதம் நேர்ந்தால், அடியில் இருப்பவரைக் காலைப் பிடித்து இழுக்கக்கூடாது. கனம் மேலே இருக்கும்போது இழுத்தால் காயம் பெருகும். கூச்சலிட்டு ஆட்களைச் சேர்த்து வண்டியைத் தூக்க வேண்டும். கிடைத்த ஜாக்கியால் உயர்த்தி, உயர்ந்த உயரத்துக்கு உடனே கட்டை கொடுத்து, பிறகே வெளியே எடுக்க வேண்டும். அதே நேரத்தில் ஒருவர் 108ஐ அழைக்க வேண்டும். நிமிடங்கள்தான் இருக்கின்றன என்பதால், தனியாக யாரும் வண்டிக்கடியில் போகக்கூடாது. வீட்டில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது. சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

ஒரு ஜோடி ஸ்டாண்டின் விலை, பெரிய சர்வீஸ் சென்டரில் ஒருமுறை சர்வீஸ் விட்டால் ஆகும் செலவுக்குள் அடங்கும். ஒரு வீட்டால் முடியாவிட்டால் தெருவுக்கு ஒன்றாக வாங்கிவைத்து மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளலாம். கல்யாணப் பாத்திரங்களை அப்படித்தானே வாங்கிக்கொள்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 4 அன்று தேசியப் பாதுகாப்பு நாளைக் கும்மிடிப்பூண்டி முதல் அம்பத்தூர் வரை எல்லா ஆலைகளிலும் கொண்டாடுகிறார்கள். உறுதிமொழி எடுக்கிறார்கள், பரிசு கொடுக்கிறார்கள். ஆலைகளின் பாதுகாப்பு அலுவலர்களிடம் நான் கேட்பது இதுதான்: அன்று அரை மணி நேரம் ஒதுக்கி, தொழிலாளிகளுக்கு வீட்டுக் கார் வேலையைச் செய்துகாட்டுங்கள். சுவர்க்கடிகாரத்துக்கும் டிபன் பாக்ஸுக்கும் பதிலாக ஒரு ஜோடி ஸ்டாண்டையும் இரண்டு முட்டுக்கட்டையையும் பரிசாகக் கொடுத்து அனுப்புங்கள்.